பத்து வார்த்தை லீலாவதி

"என்னம்மா எழுதுத?" என்று லீலாவதி கேட்டாள்.

அகல்யா சட்டென்று பேனாவை மூடினாள். டெல்லி கிட்வாய் நகரில் சுந்தரேசனின் வீடியோ கேசட் கடை வாசலில், சுவரில் ஒட்டியிருந்த லீலாவதியின் பட விமர்சனச் சீட்டுக்கு முன்னால் அவள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள்.

"இதை ஹிந்தியில எழுதிக்கறேன் அக்கா. எங்க எதிர் பிளாக் பொண்ணுங்களுக்கு."

"ஏன், அவளுவ தமிழ் இல்லையா?"

"தமிழ்தான். பேசுவாங்க. படிக்க வராது."

"உனக்கு வருமாக்கும்?"

"பத்தாவது வரைக்கும் மந்திர் மார்க் தமிழ் ஸ்கூல்ல தமிழ். அப்புறம் எல்லாம் ஹிந்தி."

"சரி, நீ எழுதினதை வாசி பாப்போம்."

அகல்யா வாசித்தாள். லீலாவதி விரல் மடக்கிக்கொண்டே கேட்டாள். "பதிமூணு வார்த்தை வருது. நான் பத்துல முடிச்சிருக்கேன். மிச்சம் மூணு பேரை எங்கேருந்து கூட்டிட்டு வந்த?"

"ஹிந்தியில அப்படித்தான் வரும் அக்கா."

"வரும், வரும். மூணையும் இறக்கி விட்டுட்டு அனுப்பிப் பாரு. சேதி போய்ச் சேருதா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

அகல்யா அங்கேயே நின்றபடி மூன்று வார்த்தைகளை அடித்தாள். மறுபடி வாசித்துப் பார்த்தாள். "சேருது" என்றாள்.

"அப்பம் நாளையிலேருந்து என் சீட்டுக்குக் கீழயே உன் சீட்டையும் ஒட்டிரு" என்று சொல்லிவிட்டு லீலாவதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அன்று சுவரில் இருந்தது ஒரு போலீஸ் படத்துக்கான சீட்டு: "நாயகன் சட்டை ஒருமுறையும் கசங்கவில்லை. இருபது பேர் செத்தார்கள். இஸ்திரிக்காரர் யாரென்று தெரியவேண்டும்."

லீலாவதிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அம்பாசமுத்திரத்துக்காரி. இருபத்தொரு வயதில் தந்தி அலுவலகத்தில் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவள். கணவர் வேணு ராணுவத்தில் இருந்தார். எல்லையிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் வருவார். மற்ற நாட்களில் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் அவள் தனியாகத்தான் இருந்தாள். காலையில் கவுன்டர், மாலையில் வீடியோ.

கவுன்டரில் அவள் வேலை, ஜனங்கள் எழுதிக் கொடுக்கும் தந்தியைச் சுருக்கித் தருவது. எதிரே நிற்கிறவர் அழுதுகொண்டிருந்தாலும் வார்த்தைகளை எண்ணத்தான் வேண்டும். சாவோ பிரசவமோ அவள் கையில் பத்து வார்த்தைக்குள் அடங்கியது. வீட்டுக்கு வந்து படம் பார்த்தாலும் கை சும்மா இருக்கவில்லை. பழைய தந்திப் படிவத்தின் பின்பக்கத்தில் பத்தே வார்த்தை எழுதினாள். கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் சுந்தரேசனிடம் கொடுத்தாள். அவர் விளையாட்டாகச் சுவரில் ஒட்டினார். ஆறு மாதத்தில் நிலைமை மாறிவிட்டது: சீட்டு வராத படத்தைக் கிட்வாய் நகரில் யாரும் எடுப்பதில்லை. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாணவர்கள்கூட பஸ் ஏறி வந்து, சீட்டை மட்டும் படித்துவிட்டுப் போனார்கள்.

பேய்ப் படத்துக்கு: "பேய் வருவதற்கு முன் பயம். வந்தபின் பேய்க்காகப் பரிதாபம். பிள்ளைகளோடு சேர்ந்தே பார்க்கலாம்."

காதல் படத்துக்கு: "இரண்டு மணி நேரம் இருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் படமே இல்லை. பாட்டு நன்று."

ஒரு நகைச்சுவைப் படத்துக்கு: "சிரித்தேன். ஏன் என்று மறுநாள் யோசித்தேன். தெரியவில்லை. மறுபடி போட்டுப் பார்த்துச் சிரித்தேன்."

இவற்றை ஹிந்தியாக்க உட்காரும்போதுதான் அகல்யாவுக்கு மலைப்பு வரும். எந்த வார்த்தையை எடுத்தாலும் மற்ற ஒன்பதும் சரிந்தன. ஒரு முழுப் படத்தைப் பார்த்த கண்கள் எப்படி இவ்வளவு சிறிய கதவு வழியாக வெளியே வருகின்றன? வாய் திறந்து கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. சீட்டை எழுதிய பிறகு அந்தப் படத்தைப் பற்றி லீலாவதி ஒரு வார்த்தை அதிகமாகப் பேசமாட்டாள்.

ஹிந்திச் சீட்டு வந்த பிறகு கடைக்கு டெல்லியில் பிறந்த பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். கேசட்டின் மேலும் ஹிந்தியில் பெயர் வேண்டும் என்று சுந்தரேசன் அந்த வேலையை அகல்யாவிடம் கொடுத்தார். அப்போதெல்லாம் ஒரு தமிழ்ப் படம் என்றால் இரண்டு கேசட். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு லேபிள் ஒட்டவேண்டும்.

அந்த வருஷ ஜூன் மாதம்தான் கோளாறு நடந்தது. டெல்லி வெயிலுக்கு எல்லா வீட்டிலும் கூலர் ஓடும். டிவியின் மேல் வைத்த கேசட்டின் மீது கூலரின் ஈரக்காற்று படப்பட லேபிள் தானாகக் கழன்றுவிடும். புதிதாக வந்த ஓர் அண்ணன் தங்கைப் படத்துக்குச் சுந்தரேசன் மூன்று பிரதிகள் வைத்திருந்தார். அதில் ஒரு ஜோடி இரண்டு லேபிளும் இல்லாமல் திரும்பி வந்தது. போட்டுப் பார்க்கலாம் என்றால் கரன்ட் இல்லை. லீலாவதி அலுவலகம் முடிந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஜல்தி அகல்யா, அக்கா நிக்கிறாங்க பாரு" என்றார் சுந்தரேசன்.

அகல்யா ஒன்றின் மேல் ஒன்று என்றும், மற்றதன் மேல் இரண்டு என்றும் உத்தேசமாக ஒட்டிக் கொடுத்தாள். திரும்பி வந்ததும் சரி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது. "இரண்டு தட்டு ஏன் என்று கடைசியில் தெரிகிறது. தெரிந்தபின் அன்றிரவு சாப்பிட முடியவில்லை."

இப்படி ஒரு சீட்டை லீலாவதி எழுதியதே இல்லை. அந்த வாரம் கடையிலிருந்த மற்ற இரண்டு பிரதிகளும் வீடு வீடாகச் சுற்றின. முதலில் வந்தவர் அனந்தலக்ஷ்மி மாமி.

"என்னடா சுந்தரேசா, அழுமூஞ்சிப் படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? தங்கை போயிட்டா, இவன் அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கறான். இதுல கடைசில தெரியறதுக்கு என்ன இருக்கு? எனக்கு நடுவுலயே தெரிஞ்சுடுத்து!"

அடுத்து வந்த ராஜவேல், ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா, இன்னும் ஒரு படி மேலே போனார். "அந்தம்மாவுக்குக் கவுன்டர்ல தூங்கித்தான் பழக்கம்னு நினைச்சேன். வீட்டுல படம் போட்டுட்டும் தூங்கறாங்க போல."

லீலாவதி கடைக்கு வந்தபோது சுந்தரேசன் தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். அவள் சுவரிலிருந்த சீட்டைத் தானே உரித்து எடுத்தாள். "இனி ஒட்டாதீங்க. எழுதவும் மாட்டேன். தப்பாப் போன தந்தியை நான் ஒருநாளும் அனுப்பினதில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வாரமும் சுவர் காலியாகவே இருந்தது. மூன்றாவது வாரம் அகல்யா குவார்ட்டர்ஸின் மாடிப்படி ஏறினாள். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சுவரைக் காலியாகப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"உக்காரு" என்றாள் லீலாவதி. அகல்யா கேட்காமலேயே லீலாவதியாகப் பேசத் தொடங்கினாள். அவள் பத்து வார்த்தைக்கு மேல் படத்தைப் பற்றிப் பேசியது அன்று ஒருநாள்தான்.

"எனக்கு என் கண்ணு மேலயே சந்தேகம் வந்துட்டுட்டி. நான் பாத்த படத்தை வேற யாருமே பாக்கலையே! எடுத்ததுமே பேர் கூடப் போடல. ஒரு வயசான ஆளு தனியா இருக்கான். ரெண்டு தட்டு வைக்கான், ஒண்ணுல சாப்பிடுதான். ஏன்னு ஒருத்தனும் சொல்லல. நானும் பைத்தியமா இருக்குமோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாதிப் படம் போன பிறகு பேர் போடுதான்! என்ன தைரியம் பாரு. அதுக்கப்புறம் அவன் எளவட்டமா இருக்கான், கூட ஒரு தங்கச்சி. அவ சிரிச்சிக்கிட்டே கல்யாணமாகிப் பஸ் ஏறிப் போறா. கை காட்டுதா. அவ திரும்ப வரமாட்டான்னு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து ஞாபகமில்லாம ரெண்டு தட்டு எடுத்து வைக்கான். அந்த இடத்துல படம் முடியுது. முற்றும்னு கூடப் போடல. இடைவேளைன்னு போட்டான். போட்டவன் மனுசனே இல்லட்டி."

அகல்யா மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். பாதியில் பெயர். கடைசியில் இடைவேளை. அடுக்களை மேடையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, லேபிள் கழண்டு வந்தது. கரன்ட் இல்ல. நான்தான் உத்தேசமா ஒட்டினேன். நீங்க ரெண்டாவது கேசட்டை முதல்ல பாத்திருக்கீங்க."

லீலாவதி எழுந்து கூலரை நிறுத்தினாள்.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"இப்பத்தான். ஆனா சரி பாக்காம விட்டது அன்னைக்கே தெரியும். சொல்லப் பயமா இருந்தது."

லீலாவதி திரும்பி வந்து உட்கார்ந்தாள். "பதினேழு வருசமா நம்பர் பாத்து வேலை செய்யுதேன். நம்பர் போட்டு வந்ததை நான் சந்தேகப்பட்டதே இல்ல" என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அகல்யா நினைத்தாள். "ஏட்டி, அப்பம் அந்தப் படத்துக்கு டைரக்டர் நீதானா!"

அன்று மாலையே சுவரில் சீட்டு ஏறியது. "முதலில் இரண்டாம் கேசட் பார்த்தேன். தவறு என்னுடையது. நீங்களும் ஒருமுறை அப்படியே பாருங்கள்."

கீழே ஹிந்திச் சீட்டும் ஏறியது. அதிலும் பத்து வார்த்தைதான். ஆனால் 'தவறு என்னுடையது' என்ற இடத்தில் 'தவறு அகல்யாவுடையது' என்று இருந்தது. எதிர் பிளாக் பெண்கள் அதைப் படித்துவிட்டு வழியில் அவளை நிறுத்திச் சிரித்தார்கள். அவள் தலை குனியவில்லை.

ஜனங்கள் முதலில் வேடிக்கைக்காகத்தான் எடுத்துப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை நின்றுவிட்டது. அனந்தலக்ஷ்மி மாமி கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அதே படம்தானேடா?" என்று மட்டும் கேட்டார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ராஜவேல் கேசட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனவர், வாசலிலிருந்து திரும்பி வந்து, "அந்தம்மாகிட்ட நான் சொன்னதைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். முனிர்கா மாணவர்கள் ஒரே அறையில் பதினான்கு பேராக உட்கார்ந்து பார்த்தார்களாம். 'இடைவேளை' என்று வந்ததும் விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லையாம். எல்லோரும் இரண்டாம் கேசட்டையே முதலில் கேட்டதால் கடையில் சண்டை வந்தது.

அடுத்த வாரம் லீலாவதி புதுப் படம் எடுக்க வந்தாள். ஹிந்திச் சீட்டின் முன்னால் நின்று, விரல் மடக்கி எண்ணினாள்.

"பத்துதான் இருக்கு" என்றாள். "உன் பேரை நுழைக்க என்னைய இறக்கி விட்டுட்டியோ?"

"அதுதானே அக்கா உண்மை."

சுந்தரேசன் இரண்டு கேசட்டை எடுத்து வைத்தார். லேபிள் புதிதாக, ஓரம் கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை அகல்யா இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகே ஒட்டியிருந்தாள். லீலாவதி அவற்றைக் கையில் வாங்கி, ஒன்று என்ற எண்ணை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு அகல்யாவைக் கடைக்கு வெளியே, சுந்தரேசனுக்குக் கேட்காத தூரத்துக்கு அழைத்துப் போனாள்.

"எனக்கு ஒண்ணு செய்வியாட்டி? வருசத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு படத்துக்கு, நம்பரை மாத்தி ஒட்டிக் குடு. எந்தப் படம்னு மட்டும் எங்கிட்ட சொல்லிராதே."