மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள்

தன்மையாகப் பேசினால் ஆகாத காரியம் எதுவும் இல்லை என்று எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் நம்பினோம். அப்பா நம்பினார், அம்மா நம்பினார், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, எங்கெங்கோ நடந்த போராட்டங்களைப் பற்றியெல்லாம் படித்திருந்த நானும் நம்பினேன். சூலூருக்கு அப்பால், எங்கள் ஊர் ஓடையான பள்ளத்தின் கரையில் சாயப்பட்டறை வந்தபோது, முதலாளி நம்மவர்தானே, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் அப்பா. சொன்னோம். அவரும் மிகுந்த தன்மையோடு, "பாத்துக்கலாமுங்க, நீங்க கவலையே படாதீங்க" என்றார். அந்த மழைக்காலத்தில் பள்ளத்தில் ஊதா நிறத்தில் நுரை ஓடியது. பிறகு காலனியின் அடிபம்பில் பழுப்பாகத் தண்ணீர் வந்தது. ஒரு வருடம் கழித்து எங்கள் கிணற்றிலும் வந்தது.

இந்த வரிசையை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. காலனி பள்ளத்தை ஒட்டிய தாழ்வான இடத்தில் இருக்கிறது. தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு ஊர் ஒதுக்கிய இடம் அதுதான். அவர்கள் ஒரு வருடம் அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். ஊர்க்கூட்டம் போட்டது எங்கள் கிணறு கெட்ட பிறகுதான்.

கூட்டம் வழக்கம்போல் கோயில் மண்டபத்தில் நடந்தது. தோட்டத்துக்காரர்கள் உள்ளே பாயில் அமர்ந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் மதிலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களை யாரும் தடுப்பதில்லை, அவர்களாகவே நின்றுகொள்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வதுண்டு. தடுத்தவர் யாரென்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழைய தடை அது. படித்தவள் என்பதால் மனுவை நான் எழுதியிருந்தேன். "கிணற்று உடைமையாளர்களாகிய நாங்கள்" என்று தொடங்கும் மனு. உடைமை உள்ளவர்கள் கேட்டால்தான் அதிகாரிகளிடம் எடுபடும் என்று அப்பா சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். மனு கொடுப்பதோடு பட்டறை வாசலில் உட்கார்ந்து போராடுவது என்றும் முடிவானது. தாள் பாய் பாயாகச் சுற்றி வந்தது.

மதிலுக்கு வெளியே எங்கள் தோட்டத்திற்குப் பல வருடங்களாக வேலைக்கு வந்த பெண் ஒருவர் நின்றிருந்தார். என்னைவிட மூத்தவர். நான் கண்ணில் பட்டதும் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நாங்க கையெழுத்துப் போட வேண்டாமுங்களா?"

உள்ளேயிருந்து அப்பா பதில் சொன்னார். "நீங்கெல்லாம் எங்ககூட வந்து உக்காந்தாப் போதும். கையெழுத்து எதுக்கு?"

தாள் என் கையில்தான் இருந்தது. மதிலுக்கும் எனக்கும் இடையில் பத்தடி இருந்திருக்கும். நான் பேனாவை மூடிவிட்டேன்.

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தார். பட்டறை வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் போட்ட பந்தலில், காலனிப் பெண்கள் அன்றன்றைய கூலியை விட்டுவிட்டுப் பகல் முழுவதும் உட்கார்ந்தார்கள். எங்கள் தெரு ஆண்கள் காலையில் வந்து, படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பைக்கை எடுத்துவிடுவார்கள். ஒருநாள் பட்டறை மேலாளர் எல்லோருக்கும் டீ அனுப்பினார். டீக்கேனைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தார். "எங்க பம்புலயே இந்தக் கலர்லதான வருது. தனியா எதுக்குங்க செலவு?" டீ திரும்பிப் போனது. இன்னொரு நாள், எழுந்து போகச் சொல்லி வந்த காவல் அதிகாரியிடம் ஒரு சொம்பை நீட்டினார். "போறமுங்க சார். இதை ஒரு மடக்குக் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க, இப்பவே போயர்றோம்." அவர் சொம்பைப் பார்த்தார். பிறகு ஜீப் பக்கம் திரும்பி யாரையோ சத்தம் போட்டார்.

அடுத்த வாரம் எங்களைக் கைது செய்து, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, மாலையில் விட்டார்கள். அன்று ஆண்கள் யாரும் பந்தலில் இல்லை. எங்கள் தெருவிலிருந்து நான் மட்டும் இருந்தேன். அந்தப் பெண் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஊர்க்காரங்ககூட மண்டபத்துக்குள்ள உக்காரோணும்னா போலீசுதா கூட்டிட்டு வரோணுமாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். மனுதாரர்களை மட்டும். நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் வீட்டின் சார்பில் கையெழுத்திட்டிருந்த அப்பா போனார். பட்டறை தன் செலவில் மனுதாரர்களின் வீடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தரும். கழிவு விஷயத்தைப் போகப்போகப் பார்க்கலாம். குறை தீர்ந்தது என்று எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கேயே மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"காலனிக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குப் பஞ்சாயத்துல லாரித்தண்ணி விடுவாங்க கண்ணு. நம்ம காரியம் நல்லபடியா முடிஞ்சுது."

"இத்தனை நாளும் வெயில்ல உக்காந்தது அவங்கதானேப்பா?"

அப்பா கோபப்படவில்லை. எப்போதும்போல் தன்மையாகத்தான் கேட்டார். "அவங்களை ஆரு கண்ணு உக்காரச் சொன்னா?"

அவர்தான் சொல்லியிருந்தார், மண்டபத்தில், என் காது கேட்க. அதை அவர் மறைக்கவில்லை; உண்மையிலேயே மறந்திருந்தார். என் கோபம் அந்த மறதியின்மீது. சாயம் கலந்த தண்ணீரை வடிகட்டத் துணியாவது இருக்கிறது.

மறுநாள், மனு கொடுத்திருந்த நகரத்து அலுவலகத்திற்குப் போனேன். அதிகாரி கோப்பைப் புரட்டி, வெகு மரியாதையாக என் பக்கம் திருப்பினார். "காலனின்னு இதுல ஒரு பேரும் இல்லீங்களே மேடம். கிணறு வச்சிருக்கறவங்க மனுங்க இது. கோப்பு முடிஞ்சுதுங்க." அவர் விரல் வைத்துக் காட்டியது நான் எழுதிய முதல் வரி. அவரைக் குற்றம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனால், அவர் சொல்வதற்கு வேண்டிய காரணத்தைத் திருத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்.

அங்கிருந்து உக்கடம் வந்து பேருந்து பிடித்து, வீட்டுக்குப் போகாமல் காலனிக்குப் போனேன். அந்தப் பெண் வாசலில் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குடத்தின் உட்புறம் பழுப்புக் கறை கழுத்துவரை ஏறியிருந்தது.

"வாங்க அம்மணி. ஊட்டுக்குக் குழா வருதுங்களாமா? நல்லதுங்க."

நல்லதுங்க என்ற அந்தச் சொல்லை நான் எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். புதிதாக ஒரு மனு எழுத வேண்டும் என்றேன்.

"இந்தவாட்டியும் நீங்களேதா எழுதுவீங்களா?"

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொல்றதை எழுதறேன்."

இத்தனை வருடங்களில் நான் அவரை அக்கா என்று அழைத்தது அதுவே முதல்முறை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"மொதல்ல என்ற பேரை எழுதுங்க. தண்ணியைப் பத்தி அப்பறம் சொல்றேன்."

எழுதினேன். அவர் பெயருக்குப் பின் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர், "போன தடவை பேனா தீந்துபோயிருந்துச்சுங்களா?" என்று கேட்டார். பேனாவைத் திறந்து அவர் பெயரைக் கேட்டேன்.

பட்டறை இன்னும் ஓடுகிறது. காலனிக்கு லாரி வாரம் ஒருமுறை வருகிறது, சில வாரங்கள் வருவதில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் தெளிவாக வருகிறது. நானும் அதைத்தான் குடிக்கிறேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. போராட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். பந்தலின் கீற்றைக் காற்று கொண்டுபோய்விட்டது, மரம் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் மனுவோடு நகரத்திற்குப் போகிறோம், மற்ற நாள்களில் முறைவைத்து மரத்தடியில் உட்காருகிறோம். அந்த அக்காவும், காலனிப் பெண்கள் ஆறு பேரும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து நான் ஒருத்தி.