கண் திறக்காத படை

வல்லத்திராக்கோட்டை சேவுகனிடம் அறுபத்திரண்டு பேர் கொண்ட ஒரு படை இருக்கிறது. ஆளுக்கொரு துப்பாக்கி, ஆளுக்கொரு கறுப்பு அங்கி. சிப்பாய் ஒருவனுக்கும் கண் கிடையாது. ஏன் கிடையாது என்று பெங்களூரில் படித்தவர்கள் கூடி ஆராய்ந்திருக்கிறார்கள். காரணம் அவன் பெண்டாட்டி செவந்தி. என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

நானும் சேவுகனும் புதுக்கோட்டையில் ஒரு பல் லேபில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவர்கள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, அக்ரிலிக்கில் வார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் பல்லால் கறி தின்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய, ஆனால் தெருவில் எங்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சேவுகனுக்கு நிதானமான கை. எனக்கு அந்தக் கை இல்லை, வாய்தான் இருக்கிறது.

அவன் ஆறு வருஷம் துபாயில் இதே வேலை பார்த்தான். கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் இரண்டு டப்பாக்களை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். உள்ளே கட்டைவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்கள், கை வேறு கால் வேறாக. பல ஆயிரம் வருஷம் கழித்து விண்வெளியில் நடக்கப்போகிற சண்டைக்கான ஆட்கள். இவர்களை ஒட்டி, வர்ணம் அடித்து, மேஜையில் நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். சேவுகன் பகடையைத் தொடவில்லை. ஒருவன் தலையை வெட்டி இன்னொருவனுக்கு வைப்பது, இருக்கிற கையை எடுத்துவிட்டுப் புதுக் கை செய்து ஒட்டுவது, இதில்தான் அவனுக்கு ருசி. நாற்பத்து மூன்று வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், இது எதற்கடா என்று கேட்டேன். "பல்லுன்னா வாய்க்குத் தக்கனதாண்ணே செய்யணும். இது நம்ம இஷ்டம்" என்றான். நியாயமான பதில்தான், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் ஐந்து பேருக்கு வர்ணம் அடித்து, மெல்லிய தூரிகையால் கண் வைத்து, டிவி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டான். செவந்தி அறந்தாங்கிப் பக்கத்து வேளார் வீட்டுப் பெண். அவள் அப்பா அய்யனாருக்கு மண் குதிரை செய்கிறவர். எந்தக் குதிரைக்கும் அவர் வீட்டில் வைத்துக் கண் திறந்ததில்லை, கோயில் திடலுக்குப் போன பிறகுதான். திறக்கிற வரைக்கும் மண், திறந்துவிட்டால் சாமி என்பது அந்த வீட்டு வழக்கம். காலையில் அவள் எழுந்து வந்தபோது ஐந்து பேரும் அவளை முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு இவுகளுக்குக் கண்ணத் தெறந்தது?"

"நாந்தான். பொம்மை செவந்தி."

"நேத்து வரைக்கும் பொம்மை. இப்பத்தான் பாக்குறாகளே. இனிமே படையல் வைக்கணும்."

"அஞ்சு பேருக்குமா?"

"தெறந்தவுகதான் வைக்கணும்."

ஒரு வாரம் சேவுகன் தினமும் ஐந்து பாட்டில் மூடிகளில் சோறு வைத்து, ஆளுக்கொரு சொட்டுக் குழம்பு விட்டு, கும்பிட்டுவிட்டு லேபுக்கு வந்தான். பஸ்ஸை விட்டான், முதலாளியிடம் பேச்சு வாங்கினான். எட்டாம் நாள், மிச்சமிருந்த அக்ரிலிக்கைக் குழைத்து ஐந்து பேர் தலையிலும் மூக்கு வரை முக்காடு போட்டுவிட்டான். செவந்தி குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தாள். கண் தெரியவில்லை. படையல் நின்றது.

டப்பாவில் மிச்சமிருந்தவர்களுக்கும் முக்காடுதான். முக்காடு வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்தன. முக்காடு போட்டவன் கையில் பளபளப்பான துப்பாக்கி எடுபடவில்லை, துருப்பிடித்த நிறம் அடித்தான். துப்பாக்கி மேலே ஈறு செதுக்குகிற மெழுகில் மெழுகுவர்த்தி செய்து நட்டான். பின்னால் கட்டடம் வேண்டுமென்று ஒரு பழைய மாதா கோயிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூரான வளைவும் ஒடிந்த கோபுரமுமாகப் பிளாஸ்டரில் வார்த்தான். இண்டு இடுக்கெல்லாம் மண்டையோடு. ஒவ்வொரு மண்டையோட்டிலும் பல் வரிசை பிசகாமல் இருக்கும், தொழில் புத்தி போகுமா. மண்டையோட்டுக்குச் செவந்தி ஆட்சேபம் சொல்லவில்லை. "எலும்புக்கு ஏது பார்வை" என்றுவிட்டாள்.

படம் எடுத்து இணையத்தில் போட்டான். பழைய கல் கோயில், இருட்டு, துறவி, சாவு என்று போகிற இந்த ரசனைக்கு வெளிநாட்டில் கோதிக் என்று பெயராம். விண்கலத்தில் போகிற படைக்கு இந்தப் பழங்காலத் தோரணை எப்படி வாய்த்தது, எந்த நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்தீர்கள் என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார். "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சேவுகன் உள்ளதை எழுதினான். அதையும் தத்துவமாக எடுத்துக்கொண்டார்கள்.

பெங்களூரில் வருஷா வருஷம் இதற்கொரு போட்டி நடக்கிறது. இரண்டு முறை போனான், இரண்டு முறையும் இரண்டாமிடம். இரண்டாம் முறை ரம்யா என்ற நடுவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: "அருமையான படை. ஆனால் ஒரு முகம்கூட இல்லை. யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை." அந்தச் சீட்டை லேப் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எட்டு மாதம் ஒரே ஒரு தளபதியைச் செய்தான்.

தளபதி வயதானவர். முக்காட்டைத் தோளுக்குத் தள்ளிவிட்டு நிற்கிறார். வாயில் பல் இல்லை. பல் போன கன்னம் எப்படி ஒடுங்கும், உதடு எப்படி உள்ளே மடங்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும். கண் மட்டும் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

இவருக்குக் கண் திறக்கலாமா என்று செவந்தியிடம் கேட்டான். அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"ஊரு எல்லை தாண்டி எங்கிட்டாச்சும் தெறந்துக்கங்க. ஆனா தெறந்தவரு இங்கிட்டு வரக் கூடாது. கண்ணு முழிச்சு இருக்க ஒருத்தர ஒரு நா கவனிச்சு ஒரு நா மறந்துட்டா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

பரிசு நினைப்பில் இவனும் சரியென்று தலையாட்டிவிட்டான். அதாவது முகம் வேண்டுமென்றால் தளபதியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

படைப்பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டதால் நானும் போனேன். பஸ் கீரனூர் தாண்டியதும், எல்லை தாண்டியாயிற்று என்று தூரிகையை எடுத்தான். "என்ன சார், கண்ணு மருந்தா" என்று கண்டக்டர் குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வேகத்தடை. தளபதிக்கு நெற்றிக்கண் வந்துவிட்டது. இது கணக்கில் சேராது என்று அவனே தீர்ப்புச் சொல்லி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்தான்.

பெங்களூர் மண்டபத்தில் காலை பதினோரு மணிக்குள் படையை மேஜையில் வைத்துவிட வேண்டும். பத்தே முக்காலுக்கு இவன் தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். வர்ணத்தில் தோய்க்கிறான், முகத்தருகே கொண்டுபோகிறான், எடுத்துவிடுகிறான்.

"என்னடா?"

"தெறந்துட்டா இவர விட்டுட்டுப் போகணும்லண்ணே." கண் கலங்கியிருந்தது.

"அப்ப தெறக்காத. இப்புடியே வை."

"எட்டு மாசமா மொகத்தச் செஞ்சுட்டு, ஒண்ணையும் பாக்க விடாம வச்சிருந்தா நல்லாவா இருக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கு என்னம்மா பார்வை என்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செவந்திக்கு வீடியோ கால் போட்டேன். என்னை வாய் திறக்க விடவில்லை.

"இன்னும் தெறக்கலையா? கண்ணாடி வச்சிருக்காகளா? மொதப் பார்வை கண்ணாடியிலதாண்ணே விழுகணும். எங்கப்பா அப்படித்தான் செய்வாக. மனுசர் மேல விழுகக் கூடாது."

கண்ணாடிக்கு எங்கே போவது. சேவுகனின் கருவிப் பையில் வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி இருந்தது. அதை என் ஒரு கையில் கொடுத்தான். செவந்தி பார்க்க வேண்டுமென்று மறு கையில் போன்.

"வலது கண்ண மொதல்ல. மூச்ச அடக்கிக்கங்க" என்றாள். மைக்கில் யாரோ இங்கிலீஷில் நேரம் முடியப்போகிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் கேட்டதும் சேவுகன் தூரிகையை மறுபடி தோய்த்தான். வலது கண். இடது கண். தூரிகையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

தவறு என்னுடையது. நடுவர்கள் வருகிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டிக்கொண்டிருந்தது. தளபதியின் முகத்துக்கு நேரே இருந்தது போன்.

"அண்ணே, கண்ணாடி எங்க?" என்றாள் செவந்தி. பிறகு மெதுவாக, "அவரு என்னையத்தான் பாக்குறாரு."

திரையில் அவள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செய்வதைப் போல.

"தப்பாயிருச்சா செவந்தி?" என்றான் சேவுகன்.

"வயசானவரா இருக்காரே" என்றாள். "வாயில பல்லும் இல்ல."

"ம்."

"அங்கிட்டு யாருகிட்டயும் விட்டுட்டு வந்துறாதீங்க. கூட்டிட்டு வாங்க."

சாயங்காலம் முதல் பரிசுக்கு அவன் பெயரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். தளபதிக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். நான் மேடையேறி, அவன்தான் நான் என்று நின்று, கேடயத்தை வாங்கி, "தேங்க் யூ" சொல்லி இறங்கினேன். அந்தக் கேடயம் இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறது, அவன் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை திருச்சியிலிருந்து பஸ். வாங்கிய பெட்டி காலியாகக் கிடந்தது. தளபதி சேவுகனின் சட்டைப் பையில், தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நின்றுகொண்டு வந்தார். நார்த்தாமலைக் குன்றுகள் தெரிந்ததும் சேவுகன் சட்டைப் பை ஜன்னலுக்கு நேரே வருகிற மாதிரி உடம்பைத் திருப்பி உட்கார்ந்தான். எனக்குத்தான் சீட்டில் இடம் குறைந்தது.