அரை டாக்டரின் தங்கை

மருந்துக்கடையில் நின்று நின்றே அவருக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. தெரு அவரை 'அரை டாக்டர்' என்று கூப்பிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயர். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும்.

அவருடைய ஒரே தங்கை இதயக் கோளாறோடு பிறந்தவள். சின்ன வயதிலேயே நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன் எந்த மாத்திரையும் கூடாது என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள். அவர் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

சொத்தைப் பல்லைப் பிடுங்கிய பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாண்ணா?"

"நான் எதுக்குடி இருக்கேன்? அங்க போனா குத்திக் குத்தியே கொன்னுடுவானுங்க."

ஆன்டிபயாடிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது, அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை தீர்ந்ததும் காய்ச்சல் திரும்பியது. இன்னும் வீரியமானதாகக் கொடுத்தார். இப்படியே இறங்குவதும் ஏறுவதுமாகப் போய், கடைசியில் அவளுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. தங்கை மாப்பிள்ளையைப் பிள்ளைகளோடு வீட்டில் விட்டுவிட்டு, இவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வால்வில் கிருமி பிடித்திருக்குமோ என்றுதான் டாக்டரம்மா முதலில் சந்தேகப்பட்டார். ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். எதுவும் வளரவில்லை. ஸ்கேனிலும் செயற்கை வால்வின் நிழல் மறைத்தது.

"ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா, கிருமி இருந்தாலும் இதுல காட்டாது."

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். எதுவும் சாப்பிடல."

அண்ணனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவருக்கோ வாயைத் திறக்க மானம் இடம் கொடுக்கவில்லை. பெரிய மானம்! டாக்டரம்மா அவள் சொன்னதை நம்பி, காசநோயா, மூட்டு வியாதியா என்று வேறெங்கோ தேடப் போனார். நாள்கள் கழித்து, தொண்டை வழியாக ஸ்கேன் குழாயை விட்டு இதயத்தைப் பார்த்தபோது, கிருமி வால்வை அரித்துத் தின்றிருந்தது. அவசரமாக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மச்சான், நீங்க மட்டும் வேளாவேளைக்கு மருந்து குடுத்துப் பாத்துக்கலன்னா, அவ இத்தனை நாள்கூட இருந்திருக்க மாட்டா."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அவருக்குச் செத்துவிடலாம்போல இருந்தது.

"என் தங்கச்சி, மாப்ள," என்றார். "நான் பாக்காம வேற யாரு பாப்பா?"