கோட்டுக்குக் கீழே போன அலை

இங்கிலாந்தில் ஸ்கேன் அறைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்குள் கேட்பது, "பாயா, கேர்ளா?" என்பதைத்தான். இங்கே அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஸ்கேன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் அப்படிக் கேட்டதும் என் வாய் பூட்டிக்கொண்டது. நான் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். "நோ, நோ! கேர்ள்!" என்று உளறினேன். அவள் கணவன் துள்ளிக் குதித்து அவளைக் கட்டிக்கொண்டான். எனக்குத்தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல இருந்தது.

இருக்காதா பின்னே! பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டருக்கு உதவியாக ஆறு வருஷம் இருந்தவள் நான். அங்கே திரை தாயின் பக்கம் திரும்பாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று எழுதிய போர்டுக்கு அடியிலேயே நின்றுகொண்டு, "மேடம், பேன்ட் வாங்கறதா, பாவாடை வாங்கறதா?" என்பார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டவள்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது என் தம்பி முரளி பாரிவாக்கத்திலிருந்து ஒரு படம் அனுப்பினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். அவன் மனைவி சுகன்யாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. முதலாவது பெண். படம் டாப்ளர் ஸ்கேனுடையது. தொப்புள் கொடியில் வரும் நல்ல ரத்தத்தைக் குழந்தையின் இதயத்துக்குக் கொண்டுபோகும் சின்னச் சிரை ஒன்று ஈரலுக்குள் இருக்கிறது. அதில் ரத்தம் ஓடுவதை டாப்ளர் அலையாக வரைந்து காட்டும். அலை நெளியலாம், ஆனால் படத்தின் குறுக்கே போகும் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. இதில் ஒவ்வொரு துடிப்புக்கும் கீழே போயிருந்தது. இதயம் திணறி, வந்த ரத்தத்தையே பின்னால் தள்ளுகிறது என்று அர்த்தம். சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னா கொயந்தைன்னு பாத்து சொல்லுக்கா. இங்க எவனும் வாயே தொறக்க மாட்றான். கோடு கீய எறங்கி கீதே, அப்போ பொண்ணுதான்னு பக்கத்து ஊட்டு அக்கா சொல்லுது."

"டேய், ஸ்கேன் எப்ப எடுத்தது?"

"நேத்து காலைல."

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போ, கொயந்தைய வெளிய எடுக்கணும்னாங்க. அவங்க அப்டிதான் பயமுறுத்துவாங்க. நீ இன்னா கொயந்தைன்னு சொல்லிட்டா..."

"சொல்லிட்டா? பொண்ணுன்னா போக மாட்டியா?"

பின்னால் சுகன்யா துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சீ! தூக்கி வளர்த்த தம்பி என்றுகூடப் பார்க்க முடியவில்லை, அருவருத்துப் போயிற்று. உள்ளே ஓர் உயிர் ஒன்றரை நாளாக மூச்சுக்குத் திண்டாடியிருக்கிறது, இவன் பாவாடையா பேன்ட்டா என்று தெரிவதற்காகக் காத்திருந்திருக்கிறான்.

"போனை அவகிட்ட குடுடா!" என்று நான் கத்திய கத்தலில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

சுகன்யா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அண்ணி, கொயந்த உசுரோட கீதா?"

"இருக்கு. இப்பவே கெளம்பு. அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

ஈரப் புடவையோடு ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். அன்றைக்கே ஆபரேஷன் ஆயிற்று. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரமாக இருக்கிறது, நேற்றிலிருந்து தானாகவே மூச்சு விடுகிறது. முரளி நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டான். நான் எடுக்கவில்லை.

இன்று காலை, கூட வேலை செய்யும் கேரனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாயா, கேர்ளா?" என்றாள். அவள் கேட்டது சந்தோஷத்தில்தான், எனக்குத் தெரியும். இங்கே தினமும் இருபது பேருக்குச் சொல்கிற பதில்தான். என் வாய் மறுபடியும் பூட்டிக்கொண்டது.

"தொள்ளாயிரத்து எண்பது கிராம்" என்றேன்.

இதைப் படிக்கும் நீங்களும் இப்போது அதைத்தான் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன்.