பகலில் எரிந்த லாம்பு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். போனில் விளையாடும் கேம் ஒன்றைச் செய்து நடத்துகிறோம். அதில் விளையாடுபவர் ஒரு வள்ளத்தின் சொந்தக்காரர். வடக்குக் கடலில் பாய் விரித்துப் போவார், தீவுகளைக் கண்டுபிடிப்பார், சரக்கு மாற்றுவார், காற்று திரும்பினால் கரைக்கு வருவார். படம் கீறுகிறவர் ஒருவர், புரோகிராம் எழுதுகிறவர்கள் இருவர், எல்லாவற்றையும் நடத்துகிற அண்ணை ஒருவர். விளையாடுபவர்களோடு கதைப்பது என் வேலை. அவர்களின் முறைப்பாடுகளுக்கு நான்தான் பதில் எழுதுவேன். புதிதாக ஏதும் வருமென்றால் அதையும் நான்தான் அறிவிப்பேன்.

முன்னர் ஒருமுறை கேமில் புதிய தீவொன்றை விட்டபோது, அதில் எத்தனை துறைமுகம், என்னென்ன சரக்கு என்று எல்லாவற்றையும் அழகான படங்களோடு முன்கூட்டியே போட்டிருந்தேன். வெளிவந்த அன்று ஆட்கள் வந்து பார்த்தார்கள். மறுநாளே மறந்துபோனார்கள். அண்ணைக்கு அது மனதில் கிடந்தது.

"இந்த முறை ஒண்டும் சொல்லுறேல்லை," என்றார். "கடலிலை ஒரு லாம்பை மட்டும் வைப்பம்."

வரப்போகிற புதிய பகுதி, எப்போதோ காணாமற்போன வள்ளம் ஒன்று தானாகக் கரைக்குத் திரும்புகிற கதை. வள்ளம் வெறுமையாக வரும். ஏறிப் பார்த்தால் ஒரு பழைய குறிப்புப் புத்தகம் இருக்கும். அது புதிய தீவுகளுக்கு வழிகாட்டும். இதை யாருக்கும் சொல்லாமல், ஏழு நாள்களுக்கு முன்பே வடக்கு அடிவானத்தில் சின்ன வெளிச்சமொன்றை வைப்பது அண்ணையின் யோசனை. எவ்வளவு வேகமாகப் போனாலும் அதைக் கிட்ட நெருங்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் அது தானாகக் கொஞ்சம் கரைக்குக் கிட்ட வரும். நாலாம் நாள் துடுப்புச் சத்தம் கேட்கும். ஐந்தாம் நாள் வள்ளத்தின் உருவம் தெரியும். ஏழாம் நாள் காலை பத்து மணிக்குக் கரை தட்டும்.

"ஆரும் கேட்டால்?" என்றேன்.

"நாங்களும் கண்டனாங்கள் எண்டு எழுதும். வேறை ஒண்டும் எழுதாதையும்."

படம் கீறுகிறவர் அந்த லாம்பைக் கேமின் நடுப்பகலிலும் எரியும்படி செய்திருந்தார். வெயில் பளபளக்கிற கடலில், அணைக்க ஆளில்லாததுபோல அது எரிந்துகொண்டிருந்தது. முதல்முறை பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே கேள்விகள் வரத் தொடங்கின. பிழையாக வந்ததா, புதிய தீவா, எப்படிப் போவது? எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதினேன். இரண்டாம் நாள் ஆட்கள் கூட்டமாக வள்ளங்களை வரிசையில் நிறுத்தித் தூரம் அளந்தார்கள். நேற்றையதைவிடக் கிட்ட நிற்கிறது என்று ஒருவர் வரைபடம் கீறிப் போட்டார். அண்ணை என் கதிரைக்குப் பின்னால் நின்று வாசித்து வாசித்துச் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை, கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார்: "லாம்புக்குக் கீழை ஒராள் குந்திக்கொண்டு இருக்கிறார்."

அன்றைக்கு வள்ளமே இல்லை. வெறும் வெளிச்சம் மட்டுந்தான். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மத்தியானம் நீர்வேலியிலிருந்து ஒரு பெடியன் எழுதினான், ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார் என்று. பிறகு வேறொருவர், தலையில் துணி கட்டியிருக்கிறார் என்றார். ஒருவரையொருவர் பார்த்து எழுதுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேள்விகள் எனக்குத் தனித்தனியாக வந்தவை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வழியில்லை.

படம் கீறுகிறவரிடம் போனேன். அவர் அந்தப் படத்தைத் திறந்து திரை முழுவதும் பெருப்பித்துக் காட்டினார். மஞ்சளாக ஒரு பொட்டு, அதைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம்.

"உதுக்குள்ளை ஆளை எங்கை வைக்கிறது?" என்றார்.

புரோகிராம் எழுதுகிறவர்களும் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அண்ணைக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லதுதானே. நாங்கள் கீறாததை அவையள் கீறினம். விடும்."

பின்னேரம் மேசையில் தனியாக இருந்தபோது, என் போனில் அந்த லாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கீழே ஏதோ கறுப்பாக அசைந்த மாதிரி இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கீழே பஸ்காரர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டது ஆறுதலாக இருந்தது.

நாலாம் நாள் துடுப்புச் சத்தத்தைச் சேர்த்தோம். அன்றுதான் அந்தக் குரல்பதிவு வந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பெண். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல, பதற்றமே இல்லாத குரல்.

"என்ரை அவர் எண்டைக்குக் கரைக்கு வருவார் எண்டு சொல்லுவியளோ?"

நாங்களும் கண்டனாங்கள் என்று அவவுக்கு என்னால் எழுத முடியவில்லை. போன் எடுத்தேன். நேரில் வந்து கதைக்கலாமா என்று கேட்டதற்கு, "ஓம், வாங்கோ," என்று மட்டும் சொன்னா.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். வல்லை வெளியைக் கடக்கும்போது காற்று யன்னலால் அடித்தது. அங்கே வீடோ மரமோ இல்லை, தண்ணீரும் வெளியும் மட்டுந்தான். போனைத் திறந்து பார்க்க வேண்டுமென்று தோன்றியது. பார்க்கவில்லை.

கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்னக் கல்வீடு. வாசலில் மகள் நின்றாள். கொழும்பில் கம்பஸில் படிக்கிறவள், லீவில் வந்திருந்தாள். கேமை அம்மாவின் போனில் பொழுதுபோக்குக்காகப் போட்டுக் கொடுத்தது அவள்தான். உள்ளே போகுமுன் தணிந்த குரலில் சொன்னாள்: அப்பா கடலுக்குப் போய்ப் பதினொரு வருஷம். அன்றைக்குக் காற்று எழும்பியது. கூடப் போன இரண்டு வள்ளங்களும் வந்தன, அப்பாவின் வள்ளம் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

"அம்மா ஒரு நாளும் உப்பிடிக் கதைக்கிறவ இல்லை அக்கா. இந்த ரண்டு மூண்டு நாளாத்தான்."

அந்தப் பெண் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தா. ஐம்பது வயது இருக்காது. நெற்றியில் குங்குமம் இருந்தது. தையல் மெஷினில் போனைச் சாய்த்து வைத்திருந்தா. திரையில் நடுப்பகல் கடல், எரிகிற லாம்பு, அன்று காலை நாங்கள் சேர்த்த வள்ளத்தின் கறுத்த உருவம்.

"நேற்று வரைக்கும் குந்திக்கொண்டு இருந்தவர்," என்று காட்டினா. "இண்டைக்கு எழும்பி நிக்கிறார்."

நான் பார்த்தேன். என் கண்ணுக்கு வள்ளம் மட்டுந்தான் தெரிந்தது.

"அக்கா, இது நாங்கள் செய்த படம்," என்றேன். யாருக்கும் சொல்லக்கூடாத எல்லாவற்றையும் அவவுக்குச் சொன்னேன். "இதுக்குள்ளை ஆரும் இல்லை. வள்ளம் வெறுமையாத்தான் வந்து கரை தட்டும்."

அவ கோபப்படவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னா:

"படமெண்டு தெரியும் பிள்ளை. நீங்கள் லாம்பைத்தானே கொழுத்தினனீங்கள். அவர் அதைக் கண்டு வாறார். இவ்வளவு காலமும் ஆரும் ஒரு லாம்பு கொழுத்தேல்லை."

நாங்கள் ஆட்களை ஏழு நாள் காத்திருக்க வைத்து விளையாட்டுக் காட்டினோம். இங்கே ஒருத்தி பதினொரு வருஷம் காத்திருந்து பழகியவள்.

மத்தியானமே அலுவலகத்துக்குத் திரும்பி அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாம்பை எடுத்துவிடுவோம், நேரடியாக அறிவித்துவிடுவோம் என்று கெஞ்சினேன்.

"எடுத்தால் அந்த மனிசி என்ன நினைப்பா?" என்றார். "லாம்பு நூந்து போச்செண்டெல்லே நினைப்பா?"

லாம்பை அப்படியே எரிய விட்டோம்.

ஏழாம் நாள் காலை ஒன்பதரைக்கு அந்த வீட்டில் இருந்தேன். மூன்று பேரும் பாயில் இருந்தோம். போனை அவ மடியில் வைத்திருந்தா. சரியாகப் பத்து மணிக்கு வள்ளம் மணலில் தட்டியது. நாங்கள் எழுதி வைத்தபடியே லாம்பு ஒருமுறை தாழ்ந்து அணைந்தது. வள்ளம் வெறுமையாக ஆடிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை, அவவின் முகத்தைத்தான் பார்த்தேன். அழுவா என்று நினைத்தேன்.

"இறங்கிப் போட்டார்," என்றா.

மகள்தான் அழத் தொடங்கினாள். அவ போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் போனா. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. தட்டில் நாலு கோப்பை. மூன்றை எங்களுக்கு எடுத்து, நாலாவதை வாசல்பக்கக் கதிரைக்கு முன்னால் வைத்தா. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பரீட்சை எப்போது, பஸ் எத்தனை மணிக்கு என்று கதைத்தோம். எழும்பிப் போகும்போது அந்தக் கோப்பையைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

புதிய பகுதி நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. ஆனால் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வள்ளத்தில் வந்த ஆள் எங்கே? அண்ணை, "நாங்களும் தேடுறம் எண்டு எழுதும்," என்றார். எழுதினேன், அழித்தேன். கடைசியில் உண்மையைப் போட்டேன். நாங்கள் செய்த வள்ளத்தில் யாரும் இருக்கவில்லை, ஒரு நாளும் யாரையும் கீறவில்லை. ஒருவரும் நம்பவில்லை. அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து, இன்னும் ஆர்வமாகத் தேடத் தொடங்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அவ போன் எடுத்தா.

"கேமை அழிச்சிட்டன் பிள்ளை. கோவிக்காதேங்கோ. இனித் தேவையில்லை."

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லுமுன் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, யாருக்கோ, "ஓம், வாறன்," என்றா. பிறகு என்னிடம், "வைக்கிறன் பிள்ளை," என்று வைத்துவிட்டா. மகள் கொழும்புக்குப் போய் இரண்டு கிழமை ஆகியிருந்தது. சீருடை எடுக்க வந்த யாராவதாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். நான் திருப்பிக் கேட்கவில்லை, அந்தப் பக்கம் போகவுமில்லை.

அடுத்த பகுதி தயாரானபோது, அண்ணை மறுபடியும் புதிதாக ஒன்றை யோசிக்கச் சொன்னார். நான் திகதியையும், என்னென்ன வருகிறது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "சப்பெண்டு கிடக்கு," என்றார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. அப்படியே போட்டோம். இரண்டு மூன்று பேர்தான் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், "வேறை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டிருந்தார். இல்லை என்று உடனேயே எழுதினேன்.