நாற்காலி மேடம் வாங்கிய விருது

செவிலியர் கல்லூரியில் மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் நாற்காலி மேடம். உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்த மாடி அறை ஒன்றை அவர் கேட்டு வாங்கினார். தானே பெருக்கித் துடைத்து, எதிரெதிரே இரண்டு நாற்காலிகளை மட்டும் போட்டுப் பாடம் நடத்தினார். அதனால் வந்த பெயர் அது. அவர் காதுக்கும் எட்டியது. உட்காரத்தானே வைத்திருக்கிறார்கள், மிதிக்க இல்லையே என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆசிரியர் ஆவதற்கு முன் அவர் வார்டில் நர்ஸாக இருந்தவர். அங்கே ஒருநாள், கணவனுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ், மருந்துத் தட்டைக் கையில் பிடித்தபடியே, பாடியைக் கீழே இறக்கியாகிவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். யாருடைய பாடி என்று அந்தப் பெண் கேட்டாள். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நர்ஸும், நர்ஸ் சொல்லியிருப்பாள் என்று டாக்டரும் இருந்துவிட்டார்கள். திட்டலாம் என்று போன இவரிடம் அந்தப் புது நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள்: "ஊசி போட சொல்லிக் கொடுத்தாங்க சிஸ்டர். இதை யாருமே சொல்லிக் கொடுக்கலையே."

அவருக்குத் திட்ட வாய் வரவில்லை. தனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்லூரிக்கு வந்த பிறகு பார்த்தால், பாடத்திட்டத்தில் சாவுச் செய்தி சொல்வதற்கு அரைப் பக்கம் இருந்தது. எல்லா ஆசிரியர்களும் அந்த அரைப் பக்கத்தை நோட்ஸாகச் சொல்ல, மாணவிகள் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கிவிட்டுப் போனார்கள். இவர் மாடி அறையில் ஒரு நாற்காலியில் தானே உட்கார்ந்தார். ஒருநாள் நோயாளியின் அம்மா. ஒருநாள் காது சரியாகக் கேட்காத அப்பா. இன்னொரு நாள் குடித்துவிட்டு வந்திருக்கும் தம்பி. எதிரே உட்காரும் மாணவி சாவுச் செய்தியைச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் போயிட்டாரும்மா" என்றாள். மனைவியாக உட்கார்ந்திருந்தவர், "எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நிஜமாகவே ஒரு மனைவி தன்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறாள் என்று அவர் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. போயிட்டார், தவறிட்டார் எல்லாம் நாம் தப்பித்துக்கொள்வதற்கான சொற்கள், இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள் என்பார். சொன்ன பிறகு எழுந்து ஓடக் கூடாது, பேசிப் பேசி அந்த நேரத்தை நிரப்பவும் கூடாது என்பார்.

அறைக்கென்று இரண்டு விதிகள் வைத்திருந்தார். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் அந்த மாணவி நாற்காலியில் உட்கார வேண்டாம். உட்கார்ந்தவர்களுக்குத் தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கலாம். தூக்கிய நொடியே பாடம் நின்றுவிடும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

கூட வேலை பார்த்தவர்கள் அதை நாடகக் கம்பெனி என்றார்கள். தையல் கடை வைத்திருந்த அவருடைய கணவர், "எனக்கு யாரைப் பத்தியாவது சேதி வந்தா நீ சொல்லிடாத. நீ ரொம்ப நல்லா சொல்லுவ, என்னால தாங்க முடியாது" என்று கிண்டல் செய்வார். ஆனால் பயிற்சிக்கு அந்தக் கல்லூரிப் பிள்ளைகளையே அனுப்புங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் புதுமையாகப் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்களுக்கு விருது என்று அறிவிப்பு வந்தது. பழைய சாமான் போட அந்த அறையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி முதல்வரே இவர் பெயரை எழுதி அனுப்பினார். வேண்டாம் என்று இவர் முதலில் மறுத்தார். ஆனால் ஆசை இல்லாமல் இல்லை. அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. நோட்ஸ் சொல்லித் தள்ளுகிறவரும் அவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். ஒருமுறையாவது யாராவது வந்து பார்க்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சரி என்றார்.

தேர்வுக் குழுவினர் கேமராவோடு வருவார்கள், நன்றாகப் பேசுகிற பெண் வேண்டும் என்று முதல்வர் ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தார். ரேடியோ என்று அவளைக் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி விழும். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். அவர் செத்து அரை வருஷம்கூட ஆகவில்லை.

இவர் முதல்வரிடம் போய் முடியாது என்றார். அந்தப் பெண்ணே சம்மதித்துவிட்டாள், இனி எதற்கு மாற்ற வேண்டும் என்றார் முதல்வர். இவர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"பரவால்ல மேடம், நான் பண்றேன். உங்களுக்குக் கிடைக்கணும்."

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

குழு வந்தது. எப்போதும் போல எதிர் நாற்காலியில் இவர் உட்காரப் போனார். குழுத் தலைவர் தடுத்தார். ஆசிரியரும் மாணவியும் பேசி வைத்துக்கொண்டது போல இருக்கும், நானே உட்காருகிறேன் என்றார். ஓய்வுபெற்ற பேராசிரியர், பெரிய மனிதர். இவர் சுவர் ஓரமாக, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

ரேடியோ நன்றாகத்தான் ஆரம்பித்தாள். உட்கார்ந்தாள், முகத்தைப் பார்த்தாள், "உங்க அப்பா இறந்துட்டார்" என்று தெளிவாகச் சொன்னாள். பெரியவர் மகனாகக் குரலை உயர்த்தினார். காலையில் நன்றாகத்தானே பேசினார், நீ என்ன செய்துகொண்டிருந்தாய், நீ பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று கத்தினார். அவர் வேஷத்தில் ஒன்றிப்போய்விட்டார். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. வலது கை மடியிலிருந்து எழுந்து தோள் அளவுக்கு வந்து நின்றது.

அந்தக் கைக்கு அர்த்தம் பெரியவருக்குத் தெரியாது. தன்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் கத்தினார். அறையில் அர்த்தம் தெரிந்த எல்லோரும் திரும்பி நாற்காலி மேடத்தைப் பார்த்தார்கள். அவரும் அந்தக் கையைப் பார்த்தார். கேமராவின் சிவப்பு விளக்கையும் பார்த்தார். இதோ முடிந்துவிடும், இன்னும் கொஞ்சம்தான் என்று தோன்றியது. சில மூச்சு நேரம் அப்படியே நின்றார். அதற்குள் அந்தப் பெண் உடம்பெல்லாம் குலுங்க, "நான் அப்போ காலேஜ்ல இருந்தேன், எனக்குத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் ஓடிப்போய்ப் பிடித்தார். அவள் உதறிவிட்டு வெளியே போனாள்.

குழுவினர் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ரேடியோ கல்லூரிக்கு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இவர் வீடு தேடிப் போனார். அவளுடைய அம்மா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. கேமராவில் எடுத்த அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் காட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். காட்ட மாட்டார்கள் என்று இவர் வாக்குக் கொடுத்தார். பெண் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"நான் கை தூக்கினேன் மேடம்."

"பார்த்தேன்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பார்த்தீங்களா? மேடம் கேமராவுக்குப் பின்னாடி இருந்தாங்க, பார்த்திருக்க மாட்டாங்கன்னுதான் அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தார். கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அம்மா வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

விருது கிடைத்தது. மாணவியின் உணர்ச்சியே இந்தப் பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று என்று குழு எழுதியிருந்தது. படத்தைப் போட வேண்டாம் என்று முதல்வரிடம் கெஞ்சினார். அது குழுவின் கையில் இருக்கிறது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று அவர் கைவிரித்தார். விழாவில் மேடைக்குப் பின்னால் இருந்த திரையில் அந்தப் பெண் அழுதாள். அரங்கம் தட்டிய தட்டலில் இவர் பெயரை வாசித்ததுகூடக் கேட்கவில்லை. மைக் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, இறங்கி வந்தார். வீட்டில் கணவர் அதை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். எங்கேயாவது வை, என் கண்ணில் படாமல் வை என்றார். அதன் பிறகு கணவர் அந்தப் பழைய கிண்டலைச் செய்யவில்லை.

கல்லூரிக்கு அந்த விருதின் பேரில் பண உதவி வந்தது. மாடி அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். மூலைக்கு ஒரு கேமரா. கண்ணைப் பார்த்துப் பேசினால் இத்தனை மதிப்பெண், மௌனமாக இருந்தால் இத்தனை மதிப்பெண் என்று அச்சடித்தார்கள். மாணவிகள் மௌனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். மற்ற கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க இவரை அழைத்தார்கள். ஒரு கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எல்லோரும் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து, அந்த வீடியோ கிடைக்குமா என்று கேட்டார்.

அந்த ஆண்டு முடிந்ததும் வார்டுக்கே திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்தார். விருது வாங்கியவர் வார்டுக்குப் போனால் கல்லூரிக்கு அசிங்கம் என்று முதல்வர் இழுத்தடித்தார். கடைசியில் விட்டார். இப்போது அந்த அறையில் பாடம் நடத்துவது வேறொரு இளம் ஆசிரியை.

ரேடியோ படிப்பைத் தொடரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் உள்ள மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அதிகம் பேசுவதில்லை என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். நாற்காலி மேடத்துக்கு இப்போது ரத்த அழுத்தம். தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். டியூட்டி முடிந்து வெளியே வந்ததும் சாலையைக் கடக்காமல் இந்தப் பக்கமாகவே நடந்து, பஸ் நிலையத்தைத் தாண்டியுள்ள கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.