எண்ணெய் குடித்த ஜன்னல்

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் மாட்டுங்காவில் உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, திலக் நகரில் என் எழுத்து மேஜை எரிந்துகொண்டிருந்தது.

தீ வைத்தது யார்? நான்தான். தீக்குச்சி இல்லாமல், லைட்டர் இல்லாமல்... வெறும் பொறுப்புணர்ச்சியை வைத்தே.

என் மேஜை இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து எதிர்க் கட்டடத்துச் சமையலறை ஜன்னல் ஏழு அடி. பம்பாயில் ஏழு அடி என்பது தூரமே இல்லை. கிட்டத்தட்டக் கூட்டுக் குடும்பம். அந்தச் சமையலறை செல்வமணி அக்காவுடையது. என்னைவிட நாலு வயது சின்னவர், ஆனால் தெருவுக்கே அக்கா. திருநெல்வேலிப் பக்கம். இட்லி மாவு அரைத்து செம்பூர்க் கடைகளுக்குப் போடுகிறார்.

நான் எழுத உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனதும் எதிரிலிருந்து குரல் வரும்.

“என்ன சார், இன்னும் எழுதலியா?”

“யோசிச்சிட்டிருக்கேன்க்கா.”

அடுத்த அரை மணியில் மறுபடியும். “சார்... சார்! இன்னுமா யோசிக்கீய?”

எடிட்டரே வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்பார்!

திரை போட்டால் காற்று வராது. கண்ணாடி போட்டால் அறை அடுப்பாகிவிடும். அப்போதுதான் மொபைலில் அந்த மர ஷட்டரைப் பார்த்தேன். சட்டத்துக்குள் சாய்வாக அடுக்கிய சின்னச் சின்னப் பலகைகள். காற்று வரும், வெளிச்சம் வரும், செல்வமணி அக்கா வரமாட்டார்.

குர்லாவில் மரப் பட்டறை வைத்திருக்கும் சாகுல் பாயிடம் போனேன். மேலப்பாளையத்துக்காரர். இரண்டு நாள் நெட்டில் படித்த தைரியத்தில், மரத்தை நானே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னேன். கருஞ்சிவப்பாகப் பளபளத்த ஒரு பலகையைத் தொட்டுக் காட்டினேன்.

“அது பாலிஷ் கலரு சார்,” என்றார் பாய். “உள்ள எளந்தேக்கு. மொத மழையிலயே முறுக்கிக்கிடும்.”

அவர் எடுத்துக் கொடுத்தது மூலையில் அழுது வடிந்துகொண்டிருந்த பழந்தேக்கு. கீல் பித்தளையில்தான் போடுவேன் என்றார். இந்த ஊர்க் காற்றுக்கு இரும்பு நிற்காதாம். மாட்டும்போது சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டார். வேலை சுத்தமாக இல்லையே என்று முகம் சுளித்தேன்.

“மழையில மரம் ஊதும்லா? இப்பமே இறுக்கிப் போட்டா ஜூலையில மூடுன கதவ தெறக்க முடியாது. அப்புறம் ஒரு விஷயம்... வார்னிஷ் பக்கமே போவாதீய. வருஷா வருஷம் மழைக்கு முன்ன ஆளி விதை எண்ணெ தடவுங்க, போதும். தொடச்ச துணிய மட்டும் சுருட்டிப் போடாம விரிச்சு...”

நான் அதற்குள் ஷட்டரைச் சாத்தித் திறந்து, திறந்து சாத்தி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் ஆறு மாதம் அமைதி. அந்த அமைதியில் நிறைய எழுதினேனா? முன்பு எழுதிய அதே அளவுதான். ஆனால் எழுதாமல் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. முதல் சில நாட்கள் மூடிய பலகைகளுக்கு அந்தப் பக்கம், “சார், இருக்கீயளா?” என்று குரல் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. பிறகு குரல் நின்றுவிட்டது.

மே மாதம் வந்தது. செவ்வாய் காலை மனைவி வேலைக்குப் போனதும் நானே களத்தில் இறங்கினேன். உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு பலகையாக எண்ணெய் தடவி, பழைய பனியன் துணியால் துடைத்தேன். தேக்கு எண்ணெயைக் குடித்துக் குடித்து மினுமினுத்தது. காயட்டும் என்று ஷட்டரை விரியத் திறந்துவைத்தேன். துணிகளைப் பந்தாகச் சுருட்டி மேஜைக்குக் கீழே குப்பைக்கூடையில் எறிந்தேன். வெற்றியைக் கொண்டாட மாட்டுங்காவுக்குக் கிளம்பினேன்.

இரண்டாவது காபியில் எங்கள் கட்டடத்து சொசைட்டி செக்ரட்டரியின் போன். “ஜல்தி ஆயியே!” உடனே வரவேண்டுமாம்.

டாக்ஸி பிடித்து வந்தேன். வீட்டுப் பூட்டை உடைத்துத் திறந்திருந்தார்கள். ஷட்டரின் கீழ்ப் பலகைகள் கரி. மேஜையின் ஒரு கால் கரி. மற்றதெல்லாம் தண்ணீர். வீடு முழுக்கப் புளித்த மாவு வாசனை.

நடந்தது இதுதான். புகையை முதலில் பார்த்தது செல்வமணி அக்கா. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு, மாவு டிரம் கழுவும் ஓஸ் பைப்பை இழுத்து, தன் ஜன்னல் கிரில் வழியாக என் ஜன்னலுக்குள் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறார். ஆள் மேலேறி வந்து பூட்டை உடைப்பதற்குள் தீ அணைந்துவிட்டது.

சாகுல் பாய் வந்து குப்பைக்கூடையின் உருகிய மிச்சத்தைப் பார்த்தார். “அந்த எண்ணெ காயும்போது சூடாவும் சார். சுருட்டிப் போட்டா சூடு வெளிய போவாது, தானா பத்திக்கிடும். அன்னைக்கே சொன்னேம்லா?”

சொன்னார்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

சாயந்திரம் எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல்முறை. நன்றி சொன்னேன். மனசு கேட்கவில்லை, மற்றதையும் சொன்னேன்.

“நீங்க அடிக்கடி எழுதலியா, எழுதலியான்னு கேப்பீங்களா... அதுக்குத்தான்க்கா அந்த ஷட்டரையே போட்டேன்.”

அக்கா கோபப்படவில்லை. மாவுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “நீங்க எழுதினா எனக்கென்ன, எழுதாட்டா எனக்கென்ன சார்? அசையாம உக்காந்திருப்பீய. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் ஒரு நாளு சேர்ல உக்காந்திருந்தாவ. பேப்பர் படிக்காவன்னு நான் பாட்டுக்கு மாவரைச்சிக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தொட்டுப் பாத்தேன் சார்...”

குழாயை மூடினார்.



கரிந்த பலகைகளை பாய் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஷட்டர் இப்போது பகல் முழுக்கத் திறந்தே இருக்கிறது. எழுத ஒன்றும் தோன்றாவிட்டாலும் அவ்வப்போது தலையையாவது சொறிந்துகொள்கிறேன்... எதிரில் தெரியும்படி, பலமாக.